வேலியில்லாத தோட்டம்: சுவார்ட்ஸ் ஐயரின் தாழ்மையும் தைரியமும்

தாழ்மையும் தைரியமும் எளிதில் இணங்கி வாழும் குணங்கள் அல்ல. பிரசங்க பீடத்தில் இவ்விரண்டையும் இரு வேறு ஞாயிறுகளுக்குரிய பொருள்களாகப் பிரித்துக்கொள்வதே நம் வழக்கம். பவுலடியார் காலத்திலேயே இவை ஒருவரிடம் சேர்ந்திருப்பது ஐயத்திற்கு இடமளித்தது. நேரில் வரும்போது பணிந்து நடக்கிறார், தொலைவிலிருந்து எழுதும்போது மட்டும் கடிந்துகொள்கிறார் என்று கொரிந்துச் சபையார் சிலர் அவரைக் குறை கூறினர் என்பதை அச்சபைக்கு அவர் எழுதிய இரண்டாம் நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தினின்று அறிகிறோம். அங்கு அவர் கையாளும் 'தபெய்னொஸ்' என்னும் கிரேக்கச் சொல், அக்காலத்துக் கிரேக்கருக்கு ஓர் நற்பண்பின் பெயராகவே ஒலிக்கவில்லை. இழிநிலை, அடிமைப் புத்தி, நிமிர்ந்து நிற்க மாட்டாமை என்பனவே அதன் வழக்குப் பொருள். சிலுவையில் அறையுண்ட ஒருவரை ஆண்டவர் என அறிக்கையிட்ட சமூகம்தான் அச்சொல்லைப் புகழுக்குரியதாக்கிற்று.

இக்கட்டுரை சொல்லாராய்ச்சி அன்று. தமிழகத் திருச்சபை வரலாற்றில் இவ்விரு குணங்களுக்கும் எடுத்துக்காட்டாக எப்போதும் காட்டப்படுகிற ஒருவரை மீண்டும் ஒருமுறை நெருங்கிப் பார்ப்பதே இதன் நோக்கம். கிறிஸ்தியான் பிரெதெரிக் சுவார்ட்ஸ் ஐயரைக் குறித்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் நாம் அவரைப்பற்றிச் சொல்லும் கதைகளில் அவரது தாழ்மை எப்போதும் வெற்றி பெறுகிறது. அவரது துணிவு ஒருபோதும் பிழைபடுவதில்லை. வரலாறு அவ்வளவு எளிதானதன்று.

1726-இல் பிராந்தன்பர்க்கு நாட்டின் சொன்னன்பர்க்கில் பிறந்த அவர், ஹாலேயில் கல்வி கற்றபோதே பெஞ்சமின் சூல்ட்சேயிடம் தமிழ் பயின்றார். 1750-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். 1762 முதல் திருச்சிராப்பள்ளியிலும், 1778 முதல் தஞ்சாவூரிலும் நிலையாகத் தங்கினார். 1798-இல் மரிக்கும்வரை ஒருமுறையேனும் தம் தாய்நாடு திரும்பவில்லை. திருச்சிராப்பள்ளியில் அவர் வாழ்ந்த நிலையை, அவரை நேரில் கண்ட வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பழைய கட்டடத்தில் தமக்கும் தம் கட்டிலுக்கும் மட்டுமே இடமுள்ள ஓர் அறை. நம் நாட்டு முறைப்படி சமைத்த சோறும் காய்கறியும். கறுப்புச் சாயமேற்றிய முரட்டுப் பருத்தித் துணி. ஆண்டொன்றுக்கு அவர் பெற்றது 48 பவுன். கோட்டைப் படைவீரருக்கு ஊழியம் செய்ததற்காகக் கம்பெனி அரசு பின்னர் 100 பவுன் அளிக்க முன்வந்தபோது, அதில் பெரும்பகுதியைச் சபைக்கும் பள்ளிக்கும் செலவிட்டார்.

இத்தகைய எளிமையை நாம் உடனே தாழ்மை என்று பெயரிட்டு விடுகிறோம். எளிமை தாழ்மைக்கு உதவலாம். அதுவே தாழ்மை ஆகிவிடாது. எளிய உணவு உண்டுகொண்டே அகந்தை கொண்டவர்களைத் திருச்சபை எக்காலத்திலும் கண்டிருக்கிறது. சுவார்ட்ஸின் எளிமைக்கு வேறொரு பயன் இருந்தது. அவரை விலைக்கு வாங்க முடியாது என்பதை அது எல்லோருக்கும் அறிவித்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையில் ஆட்சி புரிந்தோரில் பலரும் ஆற்காட்டு நவாபின் கடன் பத்திரங்களாலும் அன்பளிப்புகளாலும் செல்வம் சேர்த்துக்கொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில், வாங்க முடியாத ஒரு ஐரோப்பியர் என்பதே பெரும் அரசியல் மதிப்புடைய செய்தி.

அந்த மதிப்பைக் கம்பெனியார் பயன்படுத்திக்கொண்டது 1779-இல். சென்னைக் கவர்னர் சர் தாமஸ் ரம்போல்டு அவரை அழைத்து, மைசூர் அரசர் ஐதர் அலியிடம் தனியே சென்று, கம்பெனி சமாதானத்தையே நாடுகிறது என உறுதி கூறும்படியும், ஐதரின் எண்ணத்தை அறிந்து வரும்படியும் கேட்டார். அருட்பணியாளர் ஒருவருக்கு இது ஏற்ற பணியா என்று சுவார்ட்ஸ் தயங்கினார். இரத்தம் சிந்துதலைத் தடுக்க உதவலாம், வழியெல்லாம் சுவிசேஷம் கூறலாம், இதுவரை தமக்கு நன்மை செய்த அரசுக்கு நன்றி காட்டலாம் என எண்ணியே இசைந்தார். கைகளில் எந்த வெகுமதியும் படலாகாது என்பதையும் தமக்குத்தாமே விதித்துக்கொண்டார். சீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரைத் தம் அருகே கம்பளத்தில் அமர்த்திப் பேசினார். வேறு தூதரை நம்ப மறுத்த ஐதர், இந்தக் கிறிஸ்தவர் என்னை ஏமாற்றமாட்டார் என்று சொன்னதாகக் கூறுவர். விடைபெறும்போது வழிச்செலவுக்கென அளிக்கப்பட்ட 300 ரூபாயைத் திருப்பித்தர அவர் முயன்றார், தர முடியவில்லை. அதைச் சென்னை அரசிடம் ஒப்புவிக்க முன்வந்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றனர். அப்பணத்தைத் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கு முதலாக வைத்தார்.

இந்நிகழ்ச்சியை நாம் வழக்கமாக இத்துடன் நிறுத்திவிடுகிறோம். ஆனால் தூது தோற்றுப்போயிற்று. அவ்வாண்டு மார்ச்சு மாதமே கம்பெனியார் மாஹேயைக் கைப்பற்றி ஐதரின் சினத்தைக் கிளறியிருந்தனர். முன்செய்த உடன்படிக்கைகளை அவர்கள் காப்பாற்றவில்லை என்பதே அவரது குற்றச்சாட்டு. சுவார்ட்ஸ் சொன்னது மெய். அவரை அனுப்பியவர்களின் சொல்லோ மெய்யாக இருக்கவில்லை. 1780 ஜூலையில் ஐதரின் படை கர்நாடகச் சமவெளியில் இறங்கிற்று. தன் வாக்கு செல்லாக்காசாகிவிட்ட ஓர் அரசு, செல்லும் காசாகிய ஒரு மனிதரை அனுப்பி வாணிகம் செய்ய முயன்றது என்றுதான் இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது. நல்லெண்ணமுள்ள ஊழியன் அதிகாரத்தின் தூதனாகச் செல்லும்போது அவனது நேர்மையே அதிகாரத்திற்கு முகமூடியாகலாம் என்பதற்கு இது சான்று. சுவார்ட்ஸின் தனிப்பட்ட துணிவை இது குறைக்கவில்லை. பின்னர் நடந்த போரிலும் இந்தப் பாதிரியாரைத் தடையின்றிப் போகவிடுங்கள் என்று ஐதர் தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார் என்பதை அவருடைய வரலாற்றை எழுதினோர் யாவரும் குறிப்பிடுகின்றனர்.

போரின் பின்னே பஞ்சம் வந்தது. 1781-இல் தஞ்சைக் கோட்டைக்குள் தானியம் இல்லை. வெளியே நாட்டுப்புறத்தில் தானியம் இருந்தது. அதை ஏற்றிவர மாடுகள் வேண்டும். மாடு வைத்திருந்த குடிகளோ, முன்பு கூலி கொடாமல் ஏமாற்றப்பட்டவர்கள். மன்னர் அழைத்தும் வரவில்லை. கம்பெனியார் அழைத்தும் வரவில்லை. கூலியை நான் என் கையாலேயே தருவேன் என்று சுவார்ட்ஸ் எழுதியனுப்பிய ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டைக்குள் வந்தது. அதன்பின், 1780-களின் நடுவில், தஞ்சை அதிகாரிகளின் கொடிய வரித்தண்டலைத் தாங்காமல் 65,000 பேர் நாட்டைவிட்டு வெளியேறியபோதும், திரும்பி வாருங்கள் என்று அவர் சொன்ன சொல்லை நம்பி ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். உழவுக்குரிய காலம் கடந்துவிட்டதே என்றபோது, உமக்காக இரவும் பகலும் உழைப்போம் என்று அவர்கள் மறுமொழி கூறியதாக அவரே எழுதியுள்ளார். நாட்டின் நிருவாகத்தைச் சீர்ப்படுத்தக் கம்பெனியார் அமைத்த குழுவில் அவர் சேர்ந்தபோது விதித்த நிபந்தனை ஒன்றே: வன்முறையான எச்செயலிலும் தமக்குப் பங்கு இராது.

இத்தனை நம்பிக்கைக்கு உரியவராயிருந்த மனிதரிடம் 1787-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த வேண்டுகோளையே இக்கட்டுரையின் நடுப்பொருளாகக் கொள்ள விரும்புகிறேன்.

துளஜா மன்னர் நோயுற்றிருந்தார். 1773-இல் நவாபும் கம்பெனியாரும் சேர்ந்து அவரது நாட்டைப் பறித்தனர். 1776-இல் திருப்பித் தந்தனர். அதற்குப்பின் அவர் மனமும் உடலும் தேறவே இல்லை. பெற்ற பிள்ளைகளையும் பேரனையும் சாவுக்குக் கொடுத்தார். இறுதி நாட்களில் தம் குலத்தின் வேறொரு கிளையிற் பிறந்த, பத்து வயது நிரம்பாத சரபோஜியைத் தத்தெடுத்தார். பின்னர்ச் சுவார்ட்ஸை வரவழைத்து, இவன் என் பிள்ளையல்லன், உம்முடைய பிள்ளை என்று சொல்லிச் சிறுவனை அவர் கையில் ஒப்புவித்தார். சிறுவனுக்குப் பாதுகாவலராகவும், அவன் வளரும்வரை நாட்டை நடத்துபவராகவும் சுவார்ட்ஸே இருக்க வேண்டும் என்பது மன்னரின் வேண்டுகோள்.

சுவார்ட்ஸ் மறுத்தார். அவர் கூறிய காரணம் நினைக்கத்தக்கது. மாதத்திற்கு ஓரிருமுறைதான் நான் அரண்மனைக்கு வர இயலும்; எஞ்சிய நாளெல்லாம் இச்சிறுவன் வேலியில்லாத தோட்டம்போல் இருப்பான்; அவன் உயிருக்கே கேடு வரும் என்றார். நாட்டை ஆளுதல் தம் அழைப்பு அன்று என்பதையும் உணர்ந்திருந்தார். எனவே மன்னரின் சகோதரராகிய அமர்சிங்கைப் பாதுகாவலராக்கும்படி ஆலோசனை கூறினார். மன்னர் அவ்வாறே செய்து, சில நாட்களில் காலமானார்.

இம்மறுப்பைத் தாழ்மையின் உச்சம் எனப் போற்றாத வாழ்க்கை வரலாறு அரிது. ஓர் அரசையே கையில் வாங்க மறுத்த துறவு என்று எழுதுவர். அது உண்மையே. ஆயினும் வேலியில்லாத தோட்டத்துக்கு அவர் தெரிந்துகொடுத்த வேலி எது என்பதையும் கேட்க வேண்டும். தத்தெடுத்தல் செல்லாது என்று அமர்சிங் வழக்கெழுப்பினார். மன்னர் தெளிந்த மனநிலையில் இல்லை, பிள்ளை தன் தந்தைக்கு ஒரே மகன், தத்துக்குரிய வயதைக் கடந்தவன் என்பன போன்ற காரணங்கள் கூறப்பட்டன. கவர்னர் சர் ஆர்ச்சிபால்டு காம்பெல் தஞ்சைக்கு வந்து பண்டிதர் பன்னிருவரைக் கேட்டார். தத்து செல்லாது என்றனர் அவர்கள். அவர்கள் கையூட்டுப் பெற்றனர் என்ற குற்றச்சாட்டுப் பின்னர் எழுந்தது. கம்பெனியார் அமர்சிங்கை அரியணையேற்றினர். பிள்ளையைக் காக்க வேண்டியவரே பிள்ளையின் இடத்தில் அமர்ந்தார். சரபோஜி அரண்மனையில் அடைபட்டு, கல்வியும் வெளிச்சமும் மறுக்கப்பட்டு வாழ்ந்தான். துளஜாவின் மனைவியரும் அச்சத்தில் இருந்தனர்.

சுவார்ட்ஸ் அந்த மறுப்பினால் தீமை செய்தார் என்று கூறுவது மிகை. அந்நிலையில் அவர் வேறு செய்திருந்தால் ஓர் அயல்நாட்டுப் பாதிரியார் தஞ்சையை ஆண்டார் என்ற பழி வேறு வகையில் வளர்ந்திருக்கும். எனினும், நான் தகுதியற்றவன், எனக்கு நேரமில்லை, இது என் அழைப்பு அன்று என்று நாம் பின்வாங்கும்போது, அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை என்பதைத் தஞ்சை அரண்மனை காட்டுகிறது. அங்கே வேறொருவர் அமர்கிறார். தாழ்மையுள்ளவர் விலகிய இடத்தில் பேராசையுள்ளவர் அமர்ந்தால் அதன் விலையை விலகியவர் செலுத்துவதில்லை. தற்காப்பு அற்றவரே செலுத்துகிறார். சபைக் குழுக்களிலும் தேர்தல்களிலும் ஒதுங்கி நிற்பதையே பரிசுத்தமாக எண்ணும் ஆயர்கள் இதைச் சிந்திப்பது நலம்.

சுவார்ட்ஸின் பெருமை, முதல் மறுப்போடு அவர் நின்றுவிடாததில்தான் இருக்கிறது. அப்போது அறுபதைக் கடந்திருந்தார். தாம் பரிந்துரைத்த மனிதர் இன்று அரசர். அவரை அரியணையேற்றியது கம்பெனி. அக்கம்பெனியின் மொழிபெயர்ப்பாளராகவும் தாம் இருக்கிறார். வாய்மூடி இருப்பதற்கு இவற்றைவிட வசதியான சூழ்நிலை வேறில்லை. அவரோ சிறுவனின் நிலையைச் சென்னை அரசுக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். 1787-இல் வேண்டாமென்ற பாதுகாவலர் பொறுப்பை இப்போது கம்பெனி அரசின் ஏற்பாட்டில் தாமே ஏற்றார். 1793-இல் சரபோஜியையும் துளஜாவின் மனைவியரையும் தஞ்சையிலிருந்து சென்னைக்குத் தாமே உடனிருந்து அழைத்துச் சென்றார். அங்குக் கெரிக்கே ஐயர் சிறுவனின் கல்வியைக் கவனித்தார். தத்தெடுத்தல் முறையானதே என்பதற்கான சான்றுகளைச் சுவார்ட்ஸ் எடுத்துரைத்தார். பண்டிதரின் கருத்து மீண்டும் கேட்கப்பட்டது. முன்னைய தீர்ப்பு நிற்கவில்லை. ஓர் அரசின் தீர்ப்பை அந்த அரசே மாற்றும்படி செய்தல் எளிதன்று. தாம் சொன்ன ஆலோசனையின் விளைவுக்கு எதிராகத் தாமே எழுந்து நிற்பதும் எளிதன்று. இங்கேதான் அவரிடம் தாழ்மையும் தைரியமும் ஒரே செயலாகக் கலந்தன என்று கருதுகிறேன்.

ஆனால் இதே காலத்தில், இதே தஞ்சையில், அவரது துணிவு எட்டாத ஓரிடமும் இருந்தது. அது அரண்மனையில் இல்லை, ஆலயத்தில் இருந்தது. சபையார் சாதிவாரியாக இருபுறமும் பிரிந்து அமரும் வழக்கத்தை அவர் ஒழிக்கவில்லை. கட்டாயத்தினால் அன்றிப் படிப்படியாக அது மறையும் என நம்பினார். அது மறையவில்லை. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைத் திருச்சபையினின்று முற்றும் நீக்கக் கட்டளையிட்டபோது தஞ்சையிற் கிளம்பிய எதிர்ப்புப் பெரிது. சுவார்ட்ஸின் அன்பு மாணவரும், சரபோஜியோடு ஒன்றாகப் பயின்றவருமான வேதநாயக சாஸ்திரியார் போன்ற பக்தரும் அவ்வழக்கத்திற்காக வாதாடினர். ஐதரின் முன் நடுங்காதவர், இருக்கை வரிசையின் முன் ஏன் தயங்கினார்? பொறுமை என்று அவர் அதற்குப் பெயரிட்டிருக்கக்கூடும். தாழ்மை என்னும் சொல்லும் இவ்விடத்தில் ஆபத்தானது. பிறப்பினால் தாழ்ந்தோர் என்று பிறரால் அழைக்கப்பட்டவர்களுக்குப் பிரசங்க பீடத்திலிருந்து தாழ்மையைப் போதிப்பது எளிது. இருக்கையை விட்டுக்கொடுக்க வேண்டியவர்களுக்கு அதைப் போதிப்பதுதான் கடினம்.

அவருடைய முதுமையின் மற்றொரு நிகழ்ச்சியையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1793-இல் இங்கிலாந்தில் அருட்பணியாளரை இந்தியாவுக்கு அனுப்புவது குறித்து எழுந்த விவாதத்தில் மாண்ட்கொமரி காம்பெல் என்பவர், சுவார்ட்ஸ் ஒருவர் நல்லவரே, ஆனால் அவரால் மனந்திரும்பியோர் இழிந்தவரும் திருடரும் என்ற பொருள்படப் பேசினார். இதைச் செய்தித்தாளில் கண்ட சுவார்ட்ஸ் 1794-இல் எஸ்.பி.சி.கே. சங்கத்தாருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மேலே நாம் கண்ட மாடுகளும் தானியக் கலங்களும் திரும்பி வந்த குடிகளும் அக்கடிதத்தில்தான் வருகின்றன. தம்மைப்பற்றி எழுத விரும்பாத மனிதர், தம் சபையார் இகழப்பட்டபோது எழுதினார். தம்மைப் பாராட்டி விட்டுத் தம் மக்களை இழித்த பேச்சை ஏற்றுக்கொண்டு அமைதியாயிருத்தல் அவரால் இயலவில்லை. பவுலடியார் கொரிந்தியருக்கு வேண்டா வெறுப்பாக எழுதிய 'புத்தியீனப் பேச்சு' இக்கடிதத்திற்கு மிக அருகில் நிற்கிறது.

1797-இன் இறுதியில் அவர் நோயுற்றார். சரபோஜி வந்து கண்டார். ஆடம்பரத்தில் விழாமல், நீதியாய், ஏழைகளுக்கு இரங்கி நடக்கும்படி புத்தி சொன்னார் முதியவர். அவர் கிறிஸ்துவை அறிய வேண்டும் என்ற தம் நெடுநாள் ஜெபத்தையும் மறைக்கவில்லை. 1798 பிப்ரவரி 13-இல் சுவார்ட்ஸ் மரித்தார். சரபோஜி வந்து முகம் பார்க்கும்வரை அடக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது. வந்தவர் பிணப்பெட்டியருகே அழுதார். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியிற்றான் அரியணையேறினார். தம் பாதுகாவலர் அதைக் காணவில்லை. 1799 அக்டோபர் மாத உடன்படிக்கையில், தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் தவிர நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியாருக்குச் சென்றதையும் அவர் காணவில்லை. சிறுவனுக்கு அரியணை மீண்டது, நாடு மீளவில்லை.

சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. தம் முன்னோரின் சமயத்திலேயே வாழ்ந்தார். காசிக்கு யாத்திரையும் சென்றார். சரஸ்வதி மகாலில் சுவடிகளைச் சேர்த்தார். ஆயினும் சுவார்ட்ஸின் கல்லறைக் கல்லுக்குத் தாமே ஆங்கிலத்தில் செய்யுள் இயற்றினார். இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் சொல்லி ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னத்தையும் செய்வித்துத் தஞ்சையில் சுவார்ட்ஸின் ஆலயத்தில் நிறுவினார். அதில் முதியவர் கட்டிலில் கிடக்கிறார். கட்டிலின் பின்னே கெரிக்கே நிற்கிறார். பக்கத்தில் பள்ளிச் சிறுவர் மூவர். தலைப்பாகை அணிந்த இளவரசர் நின்றபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.